ஐந்து கோடுகள்

ஓசூரில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. தொண்ணூறுகள் தொடங்கியிருந்த சமயம். வண்டிகளுக்கு சுவிட்ச் செய்யும் தொழிற்சாலை அது. காவேரிப்பட்டினத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து கம்பெனி பஸ். சூளகிரியைத் தாண்டும்போது குளிர் உறைக்கும். பஸ்ஸில் முன்பக்க இருக்கைகள் ஆபீஸ்காரர்களுக்கு, பின்பக்கம் பெர்மனென்ட் ஆட்களுக்கு. கேஷுவல் என்கிற தற்காலிக ஆட்களுக்குப் பஸ்ஸே கிடையாது. அவர்கள் ஓசூரிலேயே லைன் வீடுகளில் நாலைந்து பேராகத் தங்கி நடந்து வருவார்கள். பஸ் அவர்களைக் கடந்து போகும்போது ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். ஜன்னல் வழியாக அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. இதை எழுதத்தான் வேண்டும்.

கம்ப்யூட்டர் இருந்த ஒரே அறை எங்களுடையது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகவேண்டும். ஏ.சி. இருந்தது, மிஷினுக்காக. உள்ளே மூன்று பேர். தினமும் அத்திப்பள்ளி வழியாக பெங்களூரிலிருந்து வந்துபோகும் கன்னடக்கார இன்சார்ஜ் சார், டைப் அடிக்கும் ஒரு அக்கா, அப்புறம் நான். ப்ரோக்ராம் எழுதுவது என் வேலை. ஒரு வருஷம் தகுதிகாண் பருவம். அதற்குள் பெரிய தப்பு ஒன்று செய்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் பெரிய வேலை கேஷுவல் பெண்களின் பதிவேடு. வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸில் ஒரு பழைய மிஷினில் அது இருந்தது. அந்த மிஷினைத் தூக்கிப்போடப் போகிறார்கள். அதற்குமுன் அதிலிருப்பதை வெறும் எழுத்தாக ஒரு கோப்பில் இறக்கி, எங்கள் மிஷினில் ஏற்றவேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு வரி. வரியில் டிக்கெட் நம்பர், பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வேலை செய்த நாட்கள், பிரிவு, விலாசம். எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று மிஷினுக்குத் தெரிய நடுவில் ஒரு குறி வேண்டும்.

காற்புள்ளி போடலாம் என்றார் சார். விலாசத்தில் காற்புள்ளி வருமே என்றேன். சாய்கோடு டிக்கெட் நம்பரில் வந்தது. சின்னக் கோடு பிரிவின் பெயரில் வந்தது. ஏ-2, பி-1 என்று எழுதுவார்கள்.

"ரெண்டு கோடு சேத்துப் போட்டுடலாம் சார். ரெண்டு கோடு பக்கத்துல பக்கத்துல யாரும் எழுத மாட்டாங்க."

சார் மேசையைத் தட்டினார். "தலை இருக்கம்மா உனக்கு!"

அன்று சாயங்காலம் வீட்டில் அப்பாவிடம் அதைச் சொன்னேன். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

ப்ரோக்ராம் எழுத நான்கு நாள் ஆனது. இடப்பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே போகும். இரண்டு கோடுகள் ஒட்டி நிற்பதைக் கண்டால் அங்கே வெட்டும். முதல் இருபது வரிகளைக் கொடுத்துப் பார்த்தேன். சுத்தமாக வெட்டியது. இருபத்தொன்றாவது வரியை நான் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நாற்பது கேஷுவல் பெண்களைப் பெர்மனென்ட் ஆக்குவதாக நிர்வாகம் ஒப்புக்கொண்டது. யூனியன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. வேண்டியவர் வேண்டாதவர் என்று பார்க்கக்கூடாது, அதிக நாள் வேலை செய்தவர்களுக்குத்தான் என்று பேச்சு. கம்ப்யூட்டரே லிஸ்ட் போடட்டும் என்றார்கள். யூனியனும் சரி என்றது. கம்ப்யூட்டருக்குச் சொந்தபந்தம் கிடையாது அல்லவா?

நாட்களின்படி வரிசைப்படுத்தி, துளைபோட்ட நீளக் காகிதத்தில் அடித்துக் கொடுத்தேன். சார் முதல் நாற்பது பெயரை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டார். மீதியை மடித்து அலமாரியில் போட்டோம். கேன்டீன் சுவரில் லிஸ்ட்டை ஒட்டினார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே கூட்டம் நெரிந்தது. ஒரு பெண் தரையில் உட்கார்ந்து அழுதாள். பெயர் வந்த சந்தோஷமா, வராத துக்கமா என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அவள் வந்தாள்.

முப்பதை ஒட்டிய வயது. என்னைவிட ஏழெட்டு வயது பெரியவள். கல்லாவி பக்கம். அசெம்ப்ளியில் ஸ்பிரிங் மாட்டும் வேலை. கண்ணுக்கே சரியாகத் தெரியாத அந்த ஸ்பிரிங்கை இடுக்கியால் பிடித்து வைப்பதில் அவள்தான் வேகம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கேஷுவல் ஆட்களின் சாம்பல் நிறக் கோட் அணிந்து எங்கள் வாசலில் நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். ஆனால் உள்ளே வரவில்லை.

"மேடம், லிஸ்ட்டுல என் பேரு இல்லீங்க."

"நாப்பது பேருதான். எல்லாரு பேரும் எப்பிடி வரும்?"

"எனக்கப்புறம் சேந்த புள்ளைங்க பேரு வந்துருக்குதுங்க. நாலு பேரு. நான்தான் அவங்களுக்கு வேலையே கத்துக் குடுத்தேன்."

"நீ லீவு போட்டிருப்ப."

"இல்லீங்க மேடம். காய்ச்சல்ல கூட வந்தேன். வேணும்னா டைம் ஆபீஸ்ல கேளுங்க."

அவளை நான் நீ என்றுதான் பேசினேன். கோட்டின் நிறம் பார்த்து அப்படித்தான் பேசுவோம். உள்ளேயிருந்து சார் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனம்மா அங்க? கம்ப்யூட்டரு இவங்க மாமன் மவனா, இவங்களுக்குச் சலுகை காட்ட?"

டைப் அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கள் சிரிப்பு அடங்கும்வரை அவள் நின்றாள்.

"ஒரே ஒருவாட்டி பாருங்க மேடம்."

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது. ஆள் பாத்தெல்லாம் அது போடாது. நீ போ, ஷிப்ட்டு மணி அடிக்கப் போவுது."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். ஒரு செருப்பின் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது.

மறுநாள் எனக்கு வேலை அதிகமில்லை. அவள் சொன்னது பொய் என்று நிரூபிக்க வேண்டும்போலிருந்தது. இரக்கத்தால் பார்த்தேன் என்று சொன்னால் அது பொய். அலமாரியிலிருந்து மீதிக் காகிதத்தை எடுத்துத் தரையில் விரித்தேன். அவள் கோட்டில் பார்த்த டிக்கெட் நம்பரை வைத்து நாற்பத்தொன்றாவது பெயரிலிருந்து தேடினேன். ஐம்பதில் இல்லை, நூறில் இல்லை. காகிதம் அறையின் குறுக்கே நீண்டு டைப் அக்காவின் நாற்காலிக்கடியில் போனது. கடைசிப் பெயர் அவளுடையது. எல்லாருக்கும் கீழே.

பக்கத்தில் நாட்கள் அறுநூற்றுப் பதினொன்று என்று இருந்தது. லிஸ்ட்டில் முதலாவதாக இருந்த பெண்ணுக்கு ஐந்நூற்றுச் சொச்சம்தான்.

முதலில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். அவளுக்கு மேலே இருந்தவர்களைப் பார்த்தேன். கடைசிப் பதினோரு பேருக்கு மட்டும் நாட்கள் குறையாமல், கீழே போகப் போகக் கூடிக்கொண்டே வந்தன. பதினோரு பேருக்கும் அப்பா அல்லது கணவர் பெயர் என்ற இடம் காலி.

கோப்பைத் திறந்து அவள் வரியைப் பார்த்தேன். அந்த இடத்துக்குச் சொல்ல பெயர் இல்லாதவர்களுக்கு டைம் ஆபீஸ் குமாஸ்தா காகிதத்தில் எப்போதும் செய்கிறபடி ஒரு சின்னக் கோடு போட்டிருந்தார். அந்தக் கோட்டுக்கு முன்னால் என்னுடைய இரண்டு கோடுகள், பின்னால் என்னுடைய இரண்டு கோடுகள். ஆக ஐந்து கோடுகள் ஒட்டி நின்றன. நடுவில் இருப்பது குமாஸ்தாவுடையது என்று மனிதருக்குத் தெரியும். என் ப்ரோக்ராமுக்குத் தெரியாது. அது முதல் இரண்டைக் கண்டு வெட்டியது, அடுத்த இரண்டைக் கண்டு வெட்டியது. மிஞ்சிய ஐந்தாவது கோடு அடுத்த எண்ணோடு போய் ஒட்டிக்கொண்டது. எண்ணுக்கு முன்னால் கோடு இருந்தால் அது கழித்தல். அறுநூற்றுப் பதினொரு நாள் வேலை செய்தவள், அறுநூற்றுப் பதினொரு நாள் கம்பெனிக்குக் கடன்பட்டவள் மாதிரி ஆகிவிட்டாள். அச்சடிக்கும்போது கழித்தல் குறிக்கு நான் இடம் விடவில்லை. அதனால் காகிதத்தில் அது தெரியவுமில்லை.

பதினோரு பேரில் அதிக நாள் உழைத்தவள் அவள். அதனாலேயே எல்லாருக்கும் கடைசியாகப் போனாள்.

சாரிடம் சொன்னேன். காகிதத்தை மேசைமேல் வைத்தேன். அவர் ஒருமுறை பார்த்தார், உடனே புரிந்துகொண்டார். கெட்டிக்காரர்தான்.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"ஆயித்து, பிடம்மா. முடிஞ்சுபோச்சு, விடு. நாப்பது பேருக்கும் ஆர்டரு போயாச்சு. இப்போ தப்புன்னு சொன்னா யூனியன் நாப்பதையும் கிழிக்கும். அடுத்த லிஸ்ட்டுல சரி பண்ணிக்கலாம்."

"ப்ரோக்ராமை இப்பவே மாத்திடறேன் சார். அரை மணி நேரம்தான்."

"மாத்து. ஆனா என்ன மாத்தின, ஏன் மாத்தினன்னு நோட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு, பெங்களூர் ஆபீசுக்கு அனுப்பணும். தெரியுமல்லா? உன் கையெழுத்து. உனக்கு இன்னும் எத்தனை மாசம் பாக்கி?"

ஐந்து மாதம் பாக்கியிருந்தது. அவர் குரல் இளகியது.

"ப்ரோக்ராமைத் தொடாதே. டேட்டாவைச் சரி பண்ணு. அந்தப் பொம்பளைங்க ஏதாவது ஒரு பேரு எழுதிக் குடுத்தா கோடு போயிடும். பார்ம் எழுதிக் குடுக்கிறது அவங்க வேலை. நமக்கு அதுல ஒண்ணும் வராது."

நாங்களே அந்தக் கோட்டை எடுத்துவிட்டு 'இல்லை' என்று ஒரு சொல் அடித்திருந்தால் போதும். அன்று அது எனக்குத் தோன்றவில்லை என்றுதான் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். தோன்றியது, பார்ம் இல்லாமல் ஒரு எழுத்தைத் தொட்டால் என் பெயர் பதிவாகும் என்று பயந்து விட்டுவிட்டேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அடுத்த வாரம் அவள் மறுபடி வந்தாள். இந்தமுறை நான் வெளியே போனேன், உள்ளே இருப்பவர்கள் கேட்கக்கூடாது என்று.

"பாத்தேன். உன் ரெக்கார்டுல அப்பா பேரும் இல்ல, வீட்டுக்காரர் பேரும் இல்ல. ஏன் குடுக்கல?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அதுக்கோசரமா மேடம் பேரு வரல?"

"அது ஒரு காரணம்."

அதுதான் ஒரே காரணம்.

"சேரும்போது கேட்டாங்க. யாரு பேரும் வேணாம்னு சொன்னேன். அவரு ஒரு கோடு போட்டுக்கிட்டாரு. அப்பனும் என்னை வேணாம்னுட்டாரு மேடம். இன்னொருத்தனும் அப்பிடித்தான். அவங்க பேரை என்னாத்துக்கு நான் தூக்கிக்கிட்டுத் திரியணும்? வேலை செய்யறது என் கைதானுங்களே?"

இன்னொருத்தன் என்றாள். அந்த வார்த்தையை நான் கேட்டேன். அது யார் என்று கேட்கவில்லை. கேட்டால் பேச்சு நீளும்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு பேரு இருக்கணும். பெர்சனல் ஆபீஸ்ல பார்ம் இருக்குது. எழுதிக் குடு, அடுத்த லிஸ்ட்டுல மொத ஆளா வருவ."

"மொத ஆளாவா?"

"ஆமா."

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். உடனே யோசனையில் விழுந்தாள்.

"பேரு குடுக்க ரேஷன் கார்டு காட்டணும்னு சொல்றாங்களே மேடம். என்கிட்ட இருக்கறது பழைய கார்டு. அதைக் குடுத்தா வேற ஏதாச்சும் ஆவுமா?"

"ஒண்ணும் ஆவாது. குடு."

"நீங்க சொல்றீங்க, குடுக்கறேன்."

இதற்குமுன் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அன்று அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மற்றப் பத்துப் பேரையும் தேடிப்போய் நான் சொல்லவில்லை. வந்து கேட்டவளுக்கு மட்டும் சொன்னேன். கேட்காமல் இருந்ததால் அந்தப் பத்துப் பேரும் தப்பித்தார்கள்.

அசெம்ப்ளிக்குக் கல்யாணமாகாத பெண்களைத்தான் எடுப்பார்கள். எழுதிவைத்த சட்டமல்ல, ஆனால் எல்லாருக்கும் தெரியும். பிள்ளைப்பேறு, லீவு என்று தொல்லை வேண்டாம் என்பது நிர்வாகத்தின் கணக்கு. அவள் பழைய ரேஷன் கார்டின் நகலைப் பார்மோடு இணைத்துக் கொடுத்தாள். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் ஓர் ஆணின் பெயர் இருந்தது. அவளுக்கு எதிரே மனைவி என்றும், கீழே ஒரு பெண் குழந்தையின் பெயரும் இருந்தன.

மூன்று நாள் கழித்து பெர்சனல் ஆபீசர் எங்களுக்குப் போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"கல்யாணம் ஆனதை மறைச்சு வேலைக்குச் சேந்திருக்கு. புள்ளை வேற இருக்கு. என்ன தைரியத்துல அதுவே வந்து கார்டைக் குடுத்துச்சுன்னுதான் புரியல. யாரும் சொல்லிக்கொடுத்தாங்களான்னு கேட்டேன். இல்லைங்குது. நிறுத்தியாச்சு. லெட்டர் அடிச்சு அனுப்பிடுங்க."

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அவள் சொல்லியிருக்கிறாள். போனை வைத்தேன். முதலில் எனக்கு வந்தது நிம்மதி. என் பெயர் வரவில்லை. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது.

அன்று ஷிப்ட் நடுவிலேயே அவளை வாசல் கேட்டுக்கு அழைத்துப் போனார்கள். கோட்டையும் பாஸையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். டிபன் பாக்ஸ் உள்ளே இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டாளாம். நாளைக்கு வந்து வாங்கிக்கொள் என்றாராம் செக்யூரிட்டி. டைப் அக்கா இதைச் சொன்னாள், வடை தின்றுகொண்டே.

லெட்டரை என் ப்ரோக்ராம்தான் அடித்தது. பார்மில் இருந்தபடி டைப் அக்கா எல்லாவற்றையும் மாற்றியிருந்தாள், ரேஷன் கார்டிலிருந்த விலாசம் உட்பட. வேலையிலிருந்து நீக்கிய பதிவுத் தபால் ஓசூரில் அவள் தங்கியிருந்த லைன் வீட்டுக்குப் போகவில்லை. கல்லாவிக்கு அந்தப்பக்கம் அவள் விட்டுவிட்டு வந்த வீட்டுக்குப் போனது. அது எனக்குத் தெரியும். உறையில் விலாசச் சீட்டை ஒட்டியதே நான்தான்.

பத்து நாள் இருக்கும். மதியம் பாங்க் வேலையாக வெளியே கிளம்பினேன். கேட்டில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தேய்த்த சட்டை, வழித்த முகம். கையில் எங்கள் கம்பெனி உறை. செக்யூரிட்டியிடம் பணிவாகப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் செக்யூரிட்டி, "இந்த மேடத்தைக் கேளுங்க, கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்கும்" என்றார்.

அவர் கும்பிட்டார். "அம்மா, இந்த லெட்டர்ல இருக்கறது என் சம்சாரமுங்க. கோவிச்சுக்கிட்டு வந்துட்டா. ரெண்டு வருசமாத் தேடறேன். எங்க தங்கியிருக்கான்னு தெரியுங்களா?"

தெரியும். விலாசத்தை மாற்றுவதற்குமுன் இருந்த பழைய வரி எனக்கு மனப்பாடம். அந்த ஐந்து கோடுகளை அத்தனை முறை பார்த்திருந்தேன்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எதற்குச் சொன்னேன்? அவர் நல்ல மனிதராகத் தெரிந்தார் என்பது உண்மை. ஆனால் அதற்கும் மேலே ஒன்று இருந்தது. அவளுக்கு என்று ஒருவர் வந்துவிட்டார், இனி அவள் என்ன ஆனாள் என்று நான் நினைக்கவேண்டியதில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு சுமையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. தெருவைச் சொன்னேன். தண்ணித் தொட்டிக்குப் பக்கத்து வரிசை என்று அடையாளமும் சொன்னேன்.

"நல்லா இருப்பீங்கம்மா" என்றார்.

அவளோடு தங்கியிருந்த ஒரு பெண் அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி. அப்பா, அம்மா யாரென்று தெரியாதவள். ஒரு நாள் ஸ்டோரிலிருந்து எங்கள் அறைக்குக் காகிதப் பெட்டி கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அந்த அக்கா போயிடுச்சு மேடம்."

"எங்க?"

"அவன் வந்தான். நாங்க வேலைக்கு வந்துட்டோம், வீட்ல அக்காவும் பாப்பாவும்தான். கடைக்காரம்மா சொல்றாங்க, தெருவுல போட்டு அடிச்சானாம். யாரும் கேக்கல. புருசன் பொண்டாட்டி சண்டைன்னு நின்னு பாத்தாங்களாம். பாப்பாவைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸு ஏறிட்டான். அக்காவும் பின்னாடியே ஓடி ஏறிருக்குது. செருப்புக்கூட இல்லாம. துணிமணி எல்லாம் எங்க ரூம்லதான் கெடக்குது."

நான் மேசைமேலிருந்த காகிதங்களை அடுக்கினேன். அவளே சொன்னாள்.

"வீட்டை யாரு காட்டுனாங்கன்னுதான் மேடம் தெரியல. எங்க யாருக்கும் அவன் மூஞ்சியே தெரியாது."

"பெட்டியை எடுத்து அந்த மூலைல வை" என்றேன்.

என் தகுதிகாண் பருவம் முடிந்தது. நிரந்தர ஆணை வந்த வாரமே ப்ரோக்ராமை மாற்றினேன். மூன்று வரி. குமாஸ்தாவின் கோடு எது, என் கோடுகள் எவை என்று பிரித்துப் பார்க்கும்படி செய்தேன். காரணம் என்ற இடத்தில், வேகமாக இயங்குவதற்காக என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெங்களூரிலிருந்து யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டாவது லிஸ்ட்டில் அந்தப் பத்துப் பேரில் பாதிக்குமேல் வந்துவிட்டார்கள். காகிதப் பெட்டி கொண்டுவந்த பெண் எங்கள் மூன்று பேருக்கும் மைசூர் பாக் கொடுத்தாள். அவள் பார்த்துக்கொண்டு நின்றதால் சாப்பிட்டேன்.

சார் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "பாத்தியா, எல்லாம் சரியாப் போச்சு" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு அப்படித்தான் பட்டது.

ஏழெட்டு வருஷம் போனது. நான் கல்யாணமாகி பெங்களூரில் வேறு கம்பெனியில் இருந்தேன். ஊத்தங்கரை பக்கம் ஒரு உறவுக் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கல்லாவியில் பஸ் மாற நின்றேன். சந்தை நாள். சாக்கு விரித்துப் புளியும் மிளகாயும் விற்றுக்கொண்டிருந்தார்கள். என்னை யாரோ மேடம் என்று கூப்பிட்டார்கள். அந்த ஊரில் எனக்கு மேடம் என்று பெயர் இருக்க வழியில்லை.

அவள்தான். நாற்பதுக்குள்தான் இருக்கவேண்டும், ஐம்பது மாதிரி தெரிந்தாள். முன்பல் இரண்டு இல்லை. பக்கத்தில் ஒரு பெண், பதினான்கு பதினைந்து வயது, தலையில் காலிக் கூடையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னைத் தெரியுதுங்களா மேடம்? ஸ்பிரிங்கு மாட்டுவேன்."

"தெரியுதுங்க. நல்லா இருக்கீங்களா?"

முதன்முறையாக அவளை நீங்கள் என்றேன்.

"இருக்கறேன். இவதான் என் பொண்ணு. வணக்கம் சொல்லுடி, பெரிய மேடம். எனக்கோசரம் அன்னிக்கு இவங்கதான் கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்தாங்க. வேற யாரும் பாக்கல."

பெண் கூடையைப் பிடித்தபடியே தலையை ஆட்டினாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். பஸ் வர நேரமிருந்தது. கூட்டமும் எங்களைக் கவனிக்கவில்லை. உன் பெயர் வராததற்குக் காரணம் நான், கார்டைக் கொடுக்கச் சொன்னது நான், வீட்டைக் காட்டியதும் நான். மூன்று வாக்கியம். வாயைத் திறந்தேன், இவள் படிக்கிறாளா என்று கேட்டேன்.

"நின்னுட்டா. மாங்கா சீசன்ல கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழக் கூழு கம்பெனிக்குப் போவா. மத்த நாள்ல என்கூடதான்." அவள் கொஞ்சம் கிட்டே வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "மேடம், உங்க கம்பெனில இவளுக்கு ஒரு வேலை வாங்கிக் குடுப்பீங்களா? கை வேகம். என்னைவிட வேகம். இந்த ஊர்ல வச்சிருந்தா அவங்கப்பன் யாருக்காவது கட்டிக் குடுத்துருவான்."

நான் அந்தக் கம்பெனியை விட்டு ஐந்து வருஷமாகிவிட்டது. அதைச் சொல்லவில்லை.

"இன்னும் வயசு வரட்டும். விண்ணப்பம் போடச் சொல்லுங்க. பாக்கறேன்."

"எந்த விலாசத்துக்குப் போடணும் மேடம்?"

கிருஷ்ணகிரி பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்தது. பழைய கம்பெனி விலாசம்தான், அதேதான் என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கீழே அவள் மகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். விலாசத்தை மறக்காமலிருக்கச் சொல்லிக்கொடுக்கிறாள் என்பது மகளின் உதடுகள் அசைந்ததிலிருந்து தெரிந்தது. கண்டக்டர் வந்தார். பெங்களூருக்கு நேராக டிக்கெட் உண்டா, கிருஷ்ணகிரியில் மாறவேண்டுமா என்று கேட்டேன். மாறவேண்டும் என்றார்.